லோஷினி பள்ளிக்கு வராத நாட்கள்

1

என் கணவர் இறந்து ஓராண்டு நிறைந்த அன்று காலை எங்கள் மகள் லோஷினி வழக்கம்போல் பள்ளிக்கூடம் போனாள். குளித்து, சீருடை போட்டு, அப்பாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். விபூதி இட்டுக்கொண்டாள். வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. "போறேன்மா" என்றாள். ஊரில் யாரும் வாசலில் நின்று அப்படிச் சொல்ல மாட்டார்கள், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். இங்கே மலாய் நாட்டில் பிள்ளைகள் சொல்கிறார்கள். நான் திருத்துவதை விட்டு நாளாகிவிட்டது.

அவள் போன பிறகு நானும் என் கொழுந்தனார் குணாவும் கிள்ளானில் கோயிலுக்குப் போனோம். குணா சடங்கைச் செய்தார். மகள் எங்கே என்று ஐயர் கேட்டார். பள்ளிக்கூடம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எள்ளை எடுத்துக் கொடுத்தார்.

மாலையில் அருப்புக்கோட்டையிலிருந்து என் தங்கை செல்வி கூப்பிட்டாள்.

"ஏன்க்கா, பெத்த அப்பா தெவசத்துக்குக்கூடவா லீவு குடுக்க மாட்டாங்க? என்ன பள்ளிக்கூடம் அது?"

"குடுப்பாங்க. அவதான் எடுக்கல."

"எதுக்கு எடுக்கல?"

"பரீட்சை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று பரீட்சை எதுவும் இல்லை. செல்வியைப் போல ஊரில் இன்னும் பலர் கேட்பார்கள், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் எனக்கும் வரிசை புரியும் என்று தோன்றுகிறது.

2

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்போம். வராதவர்கள் வராதவர்கள்தான். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தறி ஓடியது. பாவு நீட்டுகிற நாளில் அந்த வீட்டுப் பிள்ளைகள் வர மாட்டார்கள். மறுநாள் கேட்டால் "பாவு சார்" என்று ஒரே வார்த்தை. ஆசிரியர் "உக்காரு" என்பார். அத்தோடு முடிந்தது. என் அம்மா நான் படித்த பள்ளியின் வாசலை என் மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்தபோதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

இங்கே அப்படி இல்லை. காலையில் வகுப்பாசிரியர் பெயர் வாசிக்கும்போது பிள்ளைகள் "ஹாடிர்" என்கிறார்கள். வந்திருக்கிறேன் என்று பொருள். ஒருத்தி வரவில்லையென்றால் முற்பகலுக்குள் பெற்றோரின் ஃபோனுக்குச் செய்தி வந்துவிடும். மறுநாள் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் போக வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் கிளினிக்கில் வாங்கிய எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழ், வேண்டும். வீட்டில் சாவு, வெள்ளம் போன்றவற்றுக்குத் தனி வழி உண்டு. காரணம் ஒத்துக்கொள்ளப்படாத நாட்கள் சேர்ந்துகொண்டே போனால் முதல் எச்சரிக்கைக் கடிதம் வரும். பிறகு இரண்டாவது, மூன்றாவது. அதற்கும் அசையாவிட்டால் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடலாம்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை வரவில்லை என்றால் ஒருவர் கேட்கிறார் என்பது நல்லதுதான். ஆனால் அம்மாவை ஆபீசுக்குக் கூட்டிப்போவது என்ற காரணம் அவர்கள் ஒத்துக்கொள்கிற காரணங்களில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது.

3

என் கணவர் சேகர் கேரி தீவில் ரப்பர்த் தோட்டத்திலும் பிறகு செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டத்திலும் வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டினார். அவருடைய அத்தைக்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில் உறவு இருந்தது. அந்த வழியில் பேசி முடித்துத் திருமணமாகி நான் கிள்ளானுக்கு வந்தேன். மறு ஆண்டு லோஷினி பிறந்தாள்.

கிள்ளானில் தமிழிலேயே வாழ்ந்துவிடலாம். இது ஊரில் இருப்பவர்களுக்குப் புரியாது. காய்கறிக் கடை, கோயில், தையல் சாமான், மாத்திரை, நகை, இட்லி மாவு எல்லாம் தமிழில் கிடைக்கும். நான் ஒரு ஜவுளிக் கடையின் மேல்மாடியில் ரவிக்கை தைக்கிறேன். முதலாளி கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம். எங்களைவிட நல்ல தமிழ் பேசுவார். மலாய் தேவைப்படுகிற இடங்களுக்கெல்லாம் சேகர் கூட வந்தார். வருடா வருடம் என் விசாவைப் புதுப்பிக்கும்போது இருவரும் போவோம். அவர் கவுண்டரில் பேசுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கைரேகை வைப்பேன். கணவனுக்கு மலாயில் 'சுவாமி' என்று பெயர் என்பதைத் தெரிந்துகொண்ட அன்று நான் சிரித்தேன். அதற்கு மேல் கற்றுக்கொள்ளத் தோன்றவில்லை.

அவர் இறந்தது கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில். ஒரு தொழிற்சாலை வாசலில் சரக்கு இறக்க வரிசையில் லோரியை நிறுத்தியிருந்தார். முன்னால் இருந்த லோரி நகர்ந்தது, இவருடையது நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். தூங்குகிறார் என்று நினைத்து ஒருவர் கதவைத் தட்டியிருக்கிறார். மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள்.

அன்று பிற்பகல் குணா வந்து சொன்னபோது நான் ஒரு ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்தேன். எதற்கு முடித்தேன் என்று தெரியாது. அதற்குப் பிறகு வந்த மாதங்களெல்லாம் அப்படித்தான் இருந்தன. கை வேலை செய்யும், நான் எங்கோ இருப்பேன். அழுகை வரவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஒருவர் இறந்த பிறகு போக வேண்டிய இடங்கள் எத்தனை என்று எனக்கு அதுவரை தெரியாது. வங்கி, பதிவு அலுவலகம், தொழிலாளர் காப்பீடு, சேமநிதி, லோரிக் கம்பெனி. எல்லாவற்றுக்கும் மேலாகக் குடிநுழைவு அலுவலகம். என் விசா அவருடைய மனைவி என்ற பேரில் இருந்தது. அவர் இல்லை என்றால் நான் எந்தப் பேரில் இங்கே இருப்பது என்று அவர்கள் கேட்டார்கள். லோஷினி இந்த நாட்டுக் குடிமகள். நான் இல்லை. விசா நீடிக்கவில்லை என்றால் நான் போக வேண்டும், அவள் இருக்கலாம்.

குணாவும் லோரிதான் ஓட்டுகிறார், ஜொகூருக்கு. கையெழுத்துப் போட வேண்டிய நாட்களில் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். எல்லா நாளும் அவரைக் கூப்பிட முடியாது. அப்போது லோஷினி ஃபாரம் மூன்று, நம் ஊர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். "நான் வரேன்மா, எனக்குத் தெரியும்" என்றாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. எண் சீட்டு எங்கே எடுப்பது, எந்த ஜன்னலுக்குப் போவது, யாரை 'புவான்' என்று அம்மா போட்டு, யாரை 'காக்' என்று அக்கா போட்டுக் கூப்பிடுவது எல்லாம். ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்ததும் எப்போதும் ஒரே வாக்கியத்தில் ஆரம்பிப்பாள். அதைக் கேட்டதும் எதிரே இருப்பவர் குரலைத் தாழ்த்துவார். ஆபீசில் மரியாதையாக ஆரம்பிக்கிற முறை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாளுக்கான கடிதத்தையும் அவளே மலாயில் எழுதுவாள். 'உருசான் கெலுவார்கா' என்று காரணம் போடுவாள். குடும்ப வேலை. நான் கையெழுத்துப் போடுவேன்.

4

ஒரு முறை சத்தியப் பிரமாணத் தாளில் முத்திரை வாங்கத் தலைநகரில் உள்ள பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினோம். அவளைப் பாதிப் பள்ளியில் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன், அதனால் சீருடையோடு இருந்தாள். உட்கார இடம் கிடைத்ததும் கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டாள்.

எதிரே ஒரு பெண்மணி, தலையில் பூ, கையில் பூசைச் சாமான் பை. வெகுநேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாப்பா, இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?"

"இருக்கு ஆன்டி."

"அப்புறம்?"

"அம்மாவுக்கு வேல இருக்கு. நான் கூடப் போறேன்."

"அம்மாவுக்கு வேலன்னா அம்மா போகலாம்லா. நீ எதுக்குப் பொன்தேங் பண்ற?"

பொன்தேங் என்றால் பள்ளிக்கு மட்டம் போடுவது. அந்த வார்த்தை எனக்கே தெரியும். லோஷினி சிரித்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்து, "படிக்கிற புள்ளமா" என்றார். நான் ஆமாம் என்றேன். ரயில் பெட்டாலிங் தாண்டிய பிறகு பார்த்தேன், அவள் அதே பக்கத்தில்தான் இருந்தாள். பென்சிலை எடுக்கவே இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த அலுவலகம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது. வேலை முடிந்து கீழே இறங்கியதும் தோசை வாங்கிக் கொடுத்தேன். "இன்னும் எத்தன ஆபீஸ்மா?" என்றாள். தெரியவில்லை என்றேன். அவள் தோசையைப் பிட்டுச் சாப்பிட்டாள்.

5

முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது லோஷினி படித்துச் சொன்னாள். நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது வந்தபோது அதில் பெற்றோர் நேரில் வர வேண்டும் என்று இருந்தது. கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன்.

மாணவர் நலனைப் பார்க்கிற துணைத் தலைமையாசிரியையின் அறை. பெயர் ரோஹானி. இங்கே எல்லா ஆசிரியரையும் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள், ஆசிரியர் என்று பொருள். நடுத்தர வயது, மூக்குக் கண்ணாடி, மேசையில் ஒரு சிறிய மீன் தொட்டி. லோஷினியின் வராத நாட்களைக் கணினியில் திறந்து வைத்திருந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் லோஷினி உட்கார்ந்தாள். விசாரணை அவளைப் பற்றித்தான். எனக்கு மொழிபெயர்ப்பதும் அவள்தான்.

சிக்கு வெகுநேரம் பேசினார். கோபமாகப் பேசவில்லை. லோஷினி என் பக்கம் திரும்பினாள்.

"லீவு கூடிப்போச்சுன்னு சொல்றாங்கமா."

சிக்கு இன்னும் கொஞ்சம் பேசினார்.

"இனிமே லெட்டர் மட்டும் பத்தாதாம்."

இவ்வளவு நீளமாகப் பேசியது இவ்வளவு சின்னதாக எப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்கவில்லை. "ஆபீசு ஆபீசா அலையறோம்னு சொல்லு. எனக்குப் பேசத் தெரியாதுன்னு சொல்லு" என்றேன். லோஷினி ஏதோ சொன்னாள். சிக்கு கண்ணாடியைக் கழற்றினார். என்னிடமே நேராகப் பேசினார், மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்பது போல. அதில் 'அஸ்ராமா' என்று இரண்டு மூன்று தடவை வந்தது. கடைசியில் என் கையைத் தொட்டு, "சாயாங், புவான். புடாக் நி பாண்டாய்" என்றார்.

இந்த வார்த்தைகள் எனக்குத் தெரிந்தவை. புடாக் என்றால் பிள்ளை. பாண்டாய் என்றால் கெட்டிக்காரி. சாயாங் என்றால் அன்பு. சேகர் நல்ல மனநிலையில் இருந்தால் என்னை அப்படிக் கூப்பிடுவார். டீச்சர் என் மகளை அன்பாகச் சொல்கிறார், கெட்டிக்காரி என்கிறார். நான் சிரித்தேன். "தெரிமா காசே, சிக்கு" என்றேன்.

சிக்குவின் முகம் மாறியது. அவர் லோஷினியைப் பார்த்தார். லோஷினி மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அஸ்ராமான்னா என்ன?"

"ஒண்ணும் இல்லமா. ஸ்கூல் விஷயம்."

"டீச்சர் நல்ல மாதிரிதான்."

"ம்" என்றாள். வகுப்புக்குப் போய்விட்டாள். நான் பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன்.

6

கடையில் கல்லாவில் இருக்கும் கமலாக்கா இங்கேயே பிறந்தவர். மதியம் சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். டீச்சர் என் மகளைச் சாயாங் என்று சொன்னதையும், நான் நன்றி சொன்னதையும் சொன்னேன்.

கமலாக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எப்படிச் சொன்னாங்க? திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"அது அந்தச் சாயாங் இல்லலா. நல்லது ஒண்ணு வீணாப் போச்சுன்னாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. நம்ம ஐயோ பாவம்கற மாதிரி. கெட்டிக்காரப் புள்ள, இப்படி வீணாப் போகுதேன்னு சொல்லியிருக்காங்க."

"நான் சிரிச்சேன் அக்கா."

"பரவால்ல விடு."

"அஸ்ராமான்னா?"

"ஹாஸ்டல்."

நான் சாப்பிட்டு முடித்தேன். அன்று பிற்பகல் ஒரு பட்டு ரவிக்கைக்குக் கை தைத்தேன். இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்குத் தைத்துவிட்டுப் பிறகு பிரித்தேன்.

சாயங்காலம் வீட்டில் லோஷினி தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"அஸ்ராமான்னா ஹாஸ்டலாம்ல?"

அவள் குழாயை மூடினாள். "யாரு சொன்னா?"

"கமலாக்கா. என்ன ஹாஸ்டலு?"

"கவர்மெண்ட் ஹாஸ்டல் ஸ்கூல்மா. ஃபாரம் ஃபோருக்கு. நல்லாப் படிக்கிறவங்க பேர ஸ்கூல்லேருந்து அனுப்புவாங்க. என் பேரும் இருந்துச்சு. லீவு இவ்ளோ இருந்தா அனுப்ப முடியாதுன்னு சொன்னாங்க. அவ்ளோதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கஷ்டப்படுவ."

"நான் எப்பக் கஷ்டப்பட்டேன்? நான் அழக்கூட இல்ல."

"அதான்மா. நீ அழமாட்ட. அது அதவிட மோசம்லா."

நான் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன்.

"பேர அனுப்பியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்" என்றாள். "நான் போய்ட்டா உனக்கு யாரு பேசுவா?"

அவள் குரலில் வருத்தம் இல்லை. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். குழாயைத் திறந்து அடுத்த தட்டை எடுத்தாள்.

7

அதற்கடுத்த குடிநுழைவு அலுவலக நாளை நான் அவளிடம் சொல்லவில்லை. கமலாக்கா எனக்கு நான்கைந்து வாக்கியம் சொல்லிக் கொடுத்தார். விசாவை நீட்டிக்க வந்திருக்கிறேன். இதோ பத்திரங்கள். என் கொழுந்தனார் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு மலாய் கொஞ்சம்தான் தெரியும், தயவு செய்து மெதுவாகப் பேசுங்கள். தையல் இயந்திரத்தின் முன்னால் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாளி ஒரு தடவை எட்டிப் பார்த்து, "வளர்மதி, யார்ட்ட பேசுறீங்க?" என்றார்.

அன்று காலை லோஷினியை வேனில் ஏற்றிவிட்டு, கடைக்குப் போகிற மாதிரி கிளம்பி, குடிநுழைவு அலுவலகம் இருக்கிற ஷா ஆலமுக்குப் போனேன். எண் சீட்டு எடுத்தேன். அவள் எடுக்கிற இடத்தில்தான் எடுத்தேன். என் எண் வந்தது.

ஜன்னலில் ஓர் இளம்பெண், முக்காடு போட்டவர். நான் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டாவதையும் சொன்னேன். அவர் பத்திரங்களைப் புரட்டினார். பிறகு, "சுவாமி மானா?" என்றார்.

கணவர் எங்கே. இது வழக்கமாகக் கேட்கிற கேள்வி. கணவரும் கூட வர வேண்டும் என்பது விதி. இறப்புச் சான்றிதழ் பத்திரக் கட்டின் அடியில் இருந்தது, அந்தப் பெண் இன்னும் அதுவரை புரட்டவில்லை. கமலாக்காவிடம் இதற்கு மட்டும் பதில் கேட்டு வைக்கத் தோன்றவில்லை. இறந்துவிட்டார் என்று சொல்ல எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான். கடையில் தையல் இயந்திரம் நின்றுபோனால், ஃபோனில் சார்ஜ் போனால் எல்லோரும் சொல்கிற 'மாத்தி', செத்துப்போச்சு.

"சுவாமி சாயா சூடா மாத்தி" என்றேன்.

அவர் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "மெனிங்கால், காக்" என்றார் மெதுவாக. மனிதர் காலமானால் சொல்கிற வார்த்தை. திருத்துகிற மாதிரி இல்லை, அந்த வார்த்தையை எடுத்து என் கையில் கொடுக்கிற மாதிரி இருந்தது.

"மெனிங்கால்" என்று நானும் சொன்னேன்.

சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வங்கியில், பதிவு அலுவலகத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில், இதே கட்டடத்தில், பள்ளியில் அந்த மீன் தொட்டி அறையிலும். லோஷினி ஒவ்வொரு ஜன்னலிலும் முதலில் சொன்ன வாக்கியத்தில் அது இருந்தது. ஆபீசில் மரியாதைக்குச் சொல்வது என்று நான் நினைத்தது அதைத்தான். என் அப்பா இறந்துவிட்டார். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் எனக்காகப் பேச ஆரம்பித்திருக்கிறாள். நான் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அந்தப் பெண் ஏதோ கேட்டார். நான் மெதுவாகப் பேசச் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார். இன்னொரு தாள் வேண்டும் என்றார், எது என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். வெயில் நன்றாக அடித்தது. அப்போதும் அழுகை வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

சாயங்காலம் லோஷினியிடம் சொன்னேன். "இன்னிக்கு நான் தனியா ஷா ஆலம் போயிட்டு வந்தேன்."

அவள் புத்தகப் பையோடு நின்றாள். "பேசினியா?"

"பேசினேன்."

"எல்லாம் சொன்னியா?"

"எல்லாம் சொன்னேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எதைச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று சாப்பிட எழுப்பும்வரை தூங்கினாள்.

8

விசா ஒரு வருடத்துக்கு நீண்டது. அந்த இன்னொரு தாளில் குணா கையெழுத்துப் போட வந்தபோது, "அண்ணி, நீங்களே எல்லாம் பேசிட்டீங்களா?" என்றார். "தப்புத் தப்பாத்தான் தம்பி" என்றேன். அடுத்த வருடமும் போக வேண்டும்.

ஹாஸ்டல் பள்ளிக்குப் பெயர் போகவில்லை. அவளோடு படித்த இரண்டு பேர் போனார்கள். வழியனுப்ப லோஷினி போய்விட்டு வந்தாள், என்ன நடந்தது என்று சொல்லவில்லை. இந்த ஆண்டு அதே பள்ளியில் ஃபாரம் நான்கு. முதல் நாளே சிக்கு ரோஹானியின் அறைக்குப் போய், இந்த வருடம் ஒரு நாள்கூட வராமல் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். யாரும் அவளிடம் அப்படிக் கேட்கவில்லை. அதனால்தான் அப்பாவின் திவசத்தன்று போனாள். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. செல்விக்கு என் பதில் இதுதான்.

திவசம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு காலை அவள் எழுந்திருக்க நேரமானது. போய்த் தொட்டுப் பார்த்தேன், உடம்பு அனலாகக் கொதித்தது. இருந்தும் சீருடையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"படு" என்றேன்.

"இல்லமா. ஒரு நாள்கூட விடமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"காய்ச்சலுக்கு விடலாம்."

"மத்தியானத்துல சரியாயிரும்."

"படுன்னு சொல்றேன்ல."

நான் அப்படி அவளிடம் பேசி நெடுநாளாகியிருந்தது. அவள் சட்டையோடு அப்படியே சாய்ந்தாள். நான் காலுறையைக் கையிலிருந்து வாங்கினேன். வேன்காரருக்கு இன்று வேண்டாம் என்று சொன்னேன். கடைக்கு ஃபோன் செய்து நானும் வரவில்லை என்றேன். பிறகு லோஷினியின் வகுப்பாசிரியருக்கு என் ஃபோனிலிருந்து செய்தி எழுதினேன். யாரிடமும் கேட்காமல் நானே எழுதினேன். அனாக் சாயா டெமாம், ஹாரி இனி தா டாத்தாங் செக்கோலா. என் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று பள்ளிக்கு வரமாட்டாள். அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை வாசித்தேன்.

உடனே பதில் வந்தது. சீக்கிரம் குணமாகட்டும், எம்சி எடுத்தால் மறுநாள் கொடுத்துவிடுங்கள். அது எனக்குப் படித்ததும் புரிந்தது.

கிளினிக் திறந்ததும் கூட்டிப்போனேன். மருந்து, எம்சி. வந்து கஞ்சி குடித்தாள்.

"சிக்குகிட்ட யாரு சொன்னா?"

"நான்தான்."

ஃபோனை வாங்கிப் பார்த்தாள். "ஒரு எழுத்து தப்பு" என்றாள்.

"எது?"

"பரவால்ல. புரியும்." ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஆபீசுக்கும் போக வேண்டியிருக்கவில்லை. அன்று லோஷினி பள்ளிக்குப் போகாததற்கு ஒரே காரணம் அவளுக்குக் காய்ச்சல்.